நாலு விளக்கும் எரிகிறது

"நாலு விளக்கும் எரியுது மேடம்," என்றார் மகாராஜா. ஒரு விளக்கையும் அவர் பார்க்கவில்லை.

அவர் வேலை பார்க்கிற ஹார்டுவேர் கடையில், போன் இருந்தது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவைப் பார்த்த கல்லாவில். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடம் உள்ளே, பெயிண்ட் டப்பா அடுக்குகளைத் தாண்டிய கண்ணாடிக் கூண்டில். ஒரு நிமிஷம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பிராட்பேண்ட் கஸ்டமர் கேர் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். அப்படியானால் இத்தனை நேரம் எதைப் பார்த்துப் பதில் சொன்னீர்கள் என்று அவள் கேட்டுவிடுவாளே! அதனால் மோடத்தில் பவர் விளக்கு பச்சையாக இருக்கிறது என்றார். டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டாமல் நிற்கிறது என்றார். ஸ்ப்ளிட்டரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள் என்று அவள் சொன்னபோது, மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு "மாட்டியாச்சு" என்றார்.

எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால் கோளாறு லைனில்தான் என்று அந்தப் பெண் முடிவு கட்டினாள். எக்ஸ்சேஞ்சுக்குப் புகார் எழுதி அனுப்புகிறேன், லைனைச் சோதனைக்கு எடுப்பார்கள், ஆள் வருவார் என்றாள். மகாராஜா நன்றி சொல்லிப் போனை வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் போனில் சத்தமே இல்லை. இன்டர்நெட் இல்லாமல் இருந்த கடையில் இப்போது போனும் இல்லை.

மணி பத்தேகால். சாயங்காலம் ஐந்துக்குள் அந்த மெயில் போயாக வேண்டும்.

விஷயம் இதுதான். மதுரைப் பெயிண்ட் கம்பெனி ஒன்று திருவனந்தபுரத்துக்கு ஏஜென்சி கொடுக்கப் போகிறது. சாலைக் கடைத்தெருவில் இரண்டு கடைகள் போட்டியில் இருந்தன. ஒன்று இந்தக் கடை, இன்னொன்று நேர் எதிர்க்கடை. விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்து மெயிலில் அனுப்பக் கடைசி நாள் இன்று. கடையின் சின்ன முதலாளி பிரஜின் பாரத்தை எழுதி, கம்ப்யூட்டரில் தயாராக வைத்துவிட்டு, மகனை அரிசியில் முதல் எழுத்து எழுத வைக்கக் குடும்பத்தோடு மூகாம்பிகை கோயிலுக்குப் போயிருந்தான். போகும்போது மகாராஜாவின் தோளில் கையை வைத்து ஒன்று சொன்னான். ஏஜென்சி வந்தால் அதற்கு மேனேஜர் நீங்கள்தான் அண்ணாச்சி. வரவில்லை என்றால் வித்துரா கிளைக்கு ஓர் ஆள் வேண்டும்.

வித்துரா மகாராஜாவுக்கு வேண்டவே வேண்டாம். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் மழையும் அட்டையுமாகக் கிடக்கிற ஊர். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வர முடியும். மனைவி இசக்கிசெல்வியோ, "பிள்ளைகள பள்ளிக்கூடம் மாத்த என்னால ஆகாது. நீங்க மட்டும் போயி மழையில நனைங்க," என்று முந்தாநாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் அவருக்கு வருத்தம்தான். இரண்டு பெண் பிள்ளைகளும் தூங்குவதற்கு முன் அவரிடம்தான் பாடம் ஒப்பிப்பார்கள். அதை விட்டுவிட்டு இருக்க முடியுமா?

இத்தனைக்கும் காரணம் அவர் வாய்தான். நாலு மாதத்துக்கு முன் கடைக்கு பிராட்பேண்ட் வந்தபோது, "எனக்கு நெட்வொர்க் தெரியும்" என்று சொல்லிவிட்டார். கிழக்கேகோட்டை நடைபாதையில் வாங்கிய புத்தகம் ஒன்றை இரண்டு முறை படித்திருந்தார். மோடம், ரூட்டர், சர்வர், ஐ.பி. முகவரி என்று எல்லா வார்த்தையும் மனப்பாடம். சாமான்களைத்தான் தொட்டதில்லை.

அஜிதா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பில் போடுகிற பெண், நேமத்திலிருந்து வருகிறவள், பேச்சில் பாதி மலையாளம்.

"அண்ணாச்சி, அதுக்கு மோடம் இவிடெ இல்லையே?"

மகாராஜா அப்போதுதான் கூண்டுக்குள் வந்து மானிட்டருக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். மோடம் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாத இடம் மட்டும் இருந்தது. இரண்டு வயர்கள் அநாதையாகத் தொங்கின. எதிர்க்கடைக்காரன் ஆள் வைத்துத் திருடிவிட்டான் என்றே நினைத்தார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஓடினார்.

பிரஜினின் அம்மா, பெரிய முதலாளியம்மா முத்தாரம்மாள், பூ கட்டிக்கொண்டிருந்தாள். வள்ளியூரிலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது வருஷம். கடை பிரஜின் பேரில் இருந்தாலும் பேச்சு அவளுடையது. மோடத்தைக் காணோம் என்றார் மகாராஜா.

"யாரு, அந்தக் கண்ணு சிமிட்டுறதா?" என்றாள். "பூஜையில இருக்கு."

இந்த ஊர் வழக்கப்படி அஷ்டமி சாயங்காலமே ஆயுதங்களைப் பூஜைக்கு வைத்துவிடுவாள். நவமியான இன்று முழுக்க யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். பூஜை அறையில் தராசு, இரும்பு முழக்கோல், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், பில் புத்தகம், பெயிண்ட் கலக்குகிற கரண்டி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுவில் சிவப்புப் பட்டுத் துண்டின் மேல் மோடம். அதற்கு மட்டும் தனியாக ஒரு முழம் பிச்சிப்பூ.

"ஏம்மா இதப் போயி வச்சீங்க?"

"நீதானலே சொன்ன. கம்ப்யூட்டர் வெறும் பெட்டி, இதுலதான் உசிரு இருக்குன்னு. பெட்டியத் தூக்க முடியல. உசிர வச்சேன்."

சொன்னது உண்மை. பிராட்பேண்ட் வந்த அன்று அவளுக்கு அவர்தான் பாடம் எடுத்தார். ஸ்ப்ளிட்டர் என்றால், ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டையில்லாமல் இருக்க நடுவில் எழுப்பின சுவர், இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் நெட் என்று அவர் சொன்னதில் அவள் சொக்கிப் போயிருந்தாள். இப்போது கெஞ்சினார். ஐந்து மணி, மதுரை, ஏஜென்சி, வித்துரா எல்லாம் சொன்னார்.

முத்தாரம்மாள் பூவைக் கீழே வைத்தாள். "உங்க பெரிய முதலாளி ஒரு நவமி அன்னைக்கு, ஒரு கிலோ ஆணிக்காவத் தராச எடுத்தாரு. அந்தக் கார்த்திகையில படுத்தவருதான், எந்திரிக்கல்ல. நாளைக்கு அங்க பேரன் முத எழுத்து எழுதப் போறான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

பெரிய முதலாளி ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் குடித்தவர். அதை இந்த இடத்தில் சொல்ல மகாராஜாவுக்குத் தைரியம் இல்லை.

அவர் அஜிதாவின் மொபைலை வாங்கிப் பிரஜினைக் கூப்பிட்டார். மலைக்கு நடுவே அவனுடைய போன் எட்டவில்லை. மெயிலைத் திறக்கிற பாஸ்வேர்டு அவனுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் தம்பானூர் பிரௌசிங் சென்டருக்கு ஓடியும் பிரயோஜனமில்லை.

"மதுரைக்கு ஒண்ணு விளிச்சு, நாளைக்கு அனுப்பினாப் போதுமான்னு கேட்டாலெந்தா?" என்றாள் அஜிதா.

மகாராஜா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவகாசம் கேட்கிறவனுக்கு எவன் ஏஜென்சி கொடுப்பான்? எதிர்க்கடைக்காரன் இந்நேரம் அனுப்பிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான். வியாபாரம் தெரியாத பெண் என்று மனசுக்குள் திட்டினார்.

பன்னிரண்டு மணி வரை கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார். நடந்ததில் ஒரு யோசனை வந்தது.

"அம்மா, பூஜையில இருந்து எடுக்கத்தானே கூடாது? அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். கரண்டும் லைனும் அதுகிட்டப் போகட்டும். நைவேத்தியம் நாமதானே சாமிகிட்டக் கொண்டு போறோம்?"

முத்தாரம்மாள் பூஜை அறையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஏஜென்சி வேண்டாம் என்றில்லை. கடைசியில் நிபந்தனை போட்டாள். குளித்துவிட்டு ஈர வேட்டியோடுதான் உள்ளே வர வேண்டும். மோடத்தை ஓர் இஞ்சுகூட நகர்த்தக் கூடாது. பூ உதிரக் கூடாது.

குழாயடியில் குளித்து, ஈர வேட்டியோடு கரண்ட் வேலை பார்க்க உட்கார்ந்தார் மகாராஜா. அஜிதா ஒரு காய்ந்த பலகையைக் கொண்டுவந்து அவர் காலுக்கடியில் தள்ளினாள். கடையில் வயருக்குப் பஞ்சமில்லை, சுருள் சுருளாகத் தொங்கியது. அறுப்பதற்குத்தான் வழியில்லை. கத்தரிக்கோல், பிளேயர், கத்தி எல்லாம் உள்ளே சந்தனம் பூசிக்கொண்டு இருந்தன. கடையில் புதிதாக விற்பனைக்கு இருந்த பிளேயர் பெட்டியையும் முத்தாரம்மாள் விடாமல் பூஜையில் வைத்திருந்தாள். மகாராஜா பல்லால் கடித்தார். டெலிபோன் வயரைக் கடித்துத் தோலுரித்து, முறுக்கிச் சேர்த்து, ஸ்ப்ளிட்டரிலிருந்து பூஜை அறை வரைக்கும் இழுத்து முடிப்பதற்குள் மணி ஒன்றரை. கீழ்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற நெட்வொர்க் கேபிள் ஒரு மீட்டர்தான் நீளம். அதைக் கடித்து ஒட்டுப் போட முடியாது, உள்ளே எட்டு நரம்பு. மோடம் நகராது என்றால் கம்ப்யூட்டர்தான் நகர வேண்டும்.

மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் பூஜை என்று யாரும் வரவில்லை. சி.பி.யூ.வை மகாராஜாவும், அம்மிக்கல் கனத்தில் இருந்த மானிட்டரை அஜிதாவும் தூக்கினார்கள். டப்பா அடுக்குகளுக்கு நடுவே ஈர வேட்டி தடுக்கியது. மகாராஜா சாய்ந்தார், சி.பி.யூ.வைக் காப்பாற்றிவிட்டார். மேல் தட்டிலிருந்த பச்சை எனாமல் டப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. மூடி தெறித்து விழுந்து பெயிண்ட் தரையெல்லாம் ஓடியது. வேறு வழியில்லாமல் அதில் மிதித்துக்கொண்டே நடந்தார்.

முத்தாரம்மாள் பச்சைப் பாதச் சுவடுகளைப் பார்த்தாள். "சாமி பாதம் உள்ள வாற மாதிரித்தான இருக்கு. கெடக்கட்டும்," என்றாள்.

அவள் அப்படி மனம் இறங்கியதில் மகாராஜாவுக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டரைப் பூஜை அறைக்குள் இறக்கி, கேபிளை மாட்டி, கரண்ட் வயர்களை நிலைப்படிக்கு வெளியே இழுத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் போர்டு எடுக்க வெளியே போனார். திரும்பி வந்து பார்த்தால் மானிட்டர் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். சி.பி.யூ. தலையில் பூ.

"பூஜைக்கு வந்தாச்சு," என்றாள் முத்தாரம்மாள். "இனி நாளைக்குக் காலையிலதான் தொடணும்."

மகாராஜா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். மோடம் மட்டும் அகப்பட்டிருந்தது போக, இப்போது கம்ப்யூட்டரும் உள்ளே போய்விட்டது. தானே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வித்துரா பஸ்ஸின் ஜன்னலோர இருக்கை அவர் கண்ணில் தெரிந்தது.

அஜிதாதான் சொன்னாள். "அம்மா, கீபோர்டும் மௌஸும் வெளியிலல்லே இருக்கு? அதுக்குப் பொட்டு இட்டில்லையே?"

முத்தாரம்மாள் எட்டிப் பார்த்தாள். கீபோர்டு மகாராஜாவின் மடியில் இருந்தது. அதன் வயர் மட்டும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போயிருந்தது. பூஜைக்கு வராததைத் தொடக் கூடாது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சரி, மெஷினை யார் ஆன் பண்ணுவது? அது பெரிய கேள்வியாகி அரைமணி நேரம் போனது. விளக்கேற்றுகிறவள் நான்தான், நான் பூ போடுகிறேன், பூ பட்டு அது தானாக எரிந்தால் எரியட்டும் என்றாள் கடைசியில். செம்பருத்தி ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, பட்டனில் வைத்துக் கொஞ்சம் அழுத்தமாகவே சமர்ப்பித்தாள். கம்ப்யூட்டர் உறுமியது. மோடத்துக்கும் ஒரு பூ. பவர் விளக்கு எரிந்தது.

டி.எஸ்.எல். விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. நிற்காது என்பது மகாராஜாவுக்கும் தெரியும். காலையில் அவர் சொன்ன பொய்யால் எக்ஸ்சேஞ்சில் பிடுங்கின லைனை இன்னும் யாரும் திரும்பக் கொடுக்கவில்லை.

மணி மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மகாராஜா கடை வாசலுக்கும் பூஜை அறை வாசலுக்கும் நடந்தார். வேட்டி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. எதிர்க்கடை வாசலில் அந்தக் கடைக்காரர் நாற்காலி போட்டுச் சாவகாசமாகப் பொரி தின்றுகொண்டிருந்தார். மகாராஜாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மகாராஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாலேகாலுக்கு லைன்மேன் சைக்கிளில் வந்தார். வயரைப் பார்த்தார், பல் தடங்களைப் பார்த்தார், வயரைத் தொடர்ந்து போய்ப் பூஜை அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"சாரே, காலையில நாலு லைட்டும் எரியுதுன்னு ஆரு பறஞ்ஞது?"

மகாராஜா அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். பத்து மணியிலிருந்து எக்ஸ்சேஞ்சில் மூன்று பேர் இல்லாத கோளாறைத் தேடுகிறார்கள் என்றார் லைன்மேன். இடுப்பிலிருந்து தன் பிளேயரை எடுத்தார். முத்தாரம்மாள் பதறினாள். இது பூஜைக்கு வைத்ததல்ல அம்மா, டூட்டியில் உள்ளது என்று அவளைச் சமாதானப்படுத்தி, கடித்த ஒட்டுகளையெல்லாம் சீராக்கினார். தன் மொபைலில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு லைனை மாட்டச் சொன்னார். போகும்போது மோடத்தைக் கும்பிட்டு, கொஞ்சம் பிரசாதமும் வாங்கிக்கொண்டு போனார்.

நாலு நாற்பதுக்கு டி.எஸ்.எல். விளக்கு நின்றது. பவர், டி.எஸ்.எல்., இன்டர்நெட், லேன். மகாராஜா ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விரல் விட்டு எண்ணினார். இந்த முறை உண்மையாகவே நாலு விளக்கும் எரிந்தது.

நிலைப்படிக்கு வெளியே சம்மணம் போட்டு, கீபோர்டை மடியில் வைத்து, குங்குமம் மறைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து மகாராஜா மெயிலைத் திறந்தார். பாரத்தைச் சேர்த்தார். நீலக்கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. முத்தாரம்மாள் தன்னையறியாமல் "முருகா" என்றாள். கோடு மறுபடி ஊர்ந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு, அனுப்பியாகிவிட்டது என்று திரையில் வந்தது.

மகாராஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. முத்தாரம்மாள் கற்பூரம் ஏற்றி மோடத்துக்கு மூன்று சுற்றுக் காட்டினாள். அஜிதா மணியடித்தாள். "பொட்டு வச்சதுனாலதாம்லே போச்சு," என்றாள் முத்தாரம்மாள். அவர் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் இசக்கிசெல்வியிடம் மேனேஜர் என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கல்லாவில் போன் அடித்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த போன். அஜிதா எடுத்துப் பேசி, மதுரைக் கம்பெனி என்று ரிசீவரை நீட்டினாள். மகாராஜா வேட்டியைச் சரி செய்துகொண்டு வாங்கினார்.

பேசியது எலிசாள். அந்தக் கம்பெனியின் முன் மேஜையில் போன் எடுக்கிறவள், நாகர்கோவில்காரி. பாரம் விஷயமாக இரண்டு முறை அவரிடம் பேசியிருக்கிறாள். மகாராஜா வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, காலையில இருந்து உங்க நம்பர அடிச்சு அடிச்சு விரலு தேஞ்சு போச்சு. இங்க பூஜைன்னு மத்தியானமே எல்லாரும் போயாச்சு. சர்ச்சுக்குப் போற வேதக்காரின்னு என்னைய மட்டும் போனுல உக்கார வச்சிருக்காவ. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிக்கக் கூடாதுன்னு முதலாளி ஆர்டரு."

"நானும் ஒண்ணு சொல்லணும்மா," என்றார் மகாராஜா சிரித்துக்கொண்டே.

"மொதல்ல நான் சொல்லிருதேன். உங்க எதிர்க்கடைக்காரரு காலையில ஒம்பது மணிக்கே மெயில் அனுப்பிட்டு, அனுப்பியாச்சுன்னு போனும் பண்ணினாரு. பூஜை அன்னைக்குக் கம்ப்யூட்டரத் தொடுற கடைக்கு ஏஜென்சி கெடையாதுன்னு முதலாளி அவரு பேர அப்பமே அடிச்சிட்டாரு. இங்க மெஷினெல்லாம் பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையில எடுத்ததும் எது எப்ப வந்துதுன்னு அவரே உக்காந்து பாப்பாரு. அதனால நீங்க நாளைக்கு அனுப்பினாப் போதும், ஏஜென்சி உங்களுக்குத்தான்... அண்ணாச்சி, நீங்க இன்னும் அனுப்பல்லல்லா?"